நூற்று அறுபது என்னும் எண்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, பள்ளிப் படிப்பை இடையில் விட்ட நான், பத்திரிகைகளையும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள்களையும் வாசித்தே அறிவு தேடியவன். அவ்வறிவு ஒருமுறை எங்கள் வீட்டைக் கலங்கச் செய்த விதத்தைத் தங்கள் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுகிறேன்.

இலங்கையில் மன்னாருக்குச் சென்றிருந்த என் மனைவி, பக்கத்து நகரான லவாலில் வசிக்கும் எங்கள் மகளின் முதற் பிரசவத்தை முன்னிட்டு, நாங்கள் வாழும், பிரெஞ்சு வழங்கும் கனடிய நகரமான மொன்றியலுக்குத் திரும்பினார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அவருக்குக் காய்ச்சல் கண்டது. அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளைக் கைப்பையில் வைத்தபடியே வந்திறங்கினார். அதில் 1:160 என்றிருந்தது. ஒரு துளி இரத்தத்தில் நூற்று அறுபது கிருமிகள் என்று நானே பொருள் கொண்டு, மகளிடமும் அவ்வாறே கூறிவிட்டேன். அவள் பிள்ளை பெற்று மூன்று நாளே ஆகியிருந்தது.

"அப்பா, அப்ப அம்மா வரமாட்டாவோ? பத்தியக் கறி ஆர் காய்ச்சுறது?" என்று தொலைபேசியில் அழுதாள். பேரப்பிள்ளையை என் மனைவி இன்னும் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் காலை மருத்துவமனையில் எங்களைப் பார்த்தவர் சென்னையைச் சேர்ந்த பெண் மருத்துவர். தமிழர் என்றறிந்ததும் என் பிரெஞ்சை ஒதுக்கி வைத்துவிட்டு, "இவவுக்கு நெருப்புக்காய்ச்சல்" என்றேன்.

அவர் எழுந்தே விட்டார். "எங்க சுட்டுக்கிட்டாங்க? கையா, காலா?"

"நான் ஒண்டும் சுடேல்லை, டொக்டர்" என்றார் என் மனைவி. "வீட்டில தோசையே இவர்தான் சுடுறவர்."

நான் தாளை நீட்டினேன். மருத்துவர் பார்த்துச் சிரித்தார். "ஓ, டைஃபாய்டா. சார், இந்த டெஸ்ட் கிருமியை எண்ணறது இல்ல. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கற பொருளைத்தான் பார்க்குது. ரத்தத்தை நூத்தி அறுபது மடங்கு நீர்க்க வச்சும் அது தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். அம்மா, முன்னாடி டைஃபாய்டு வந்திருக்கா?"

"ஓம், பள்ளிக்கூடத்துக்குப் போற காலத்தில ஒருக்கா."

"அப்ப பழசோட மிச்சமா இருக்கலாம். வேற காய்ச்சல்லயும் ஏறும். இதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. ரத்தத்துல கிருமி வளருதான்னு கல்ச்சர் பண்ணிப் பார்த்துடலாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் யாருக்கும் சமைக்காதீங்க."

ஐந்து நாட்கள் என் சமையலையே உண்டோம். காய்ச்சல் மூன்றாம் நாளே தணிந்தது. ஆயினும் என் மனைவி பத்தியக் கறிக்கான மல்லி, மிளகு, மஞ்சள் யாவற்றையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு அவற்றைத் தொடாமல் அமர்ந்திருந்தார்.

ஆறாம் நாள் மருத்துவரே அழைத்தார். "எதுவும் வளரலை சார். டைஃபாய்டு இல்லைன்னே நினைக்கிறேன். காய்ச்சல் திரும்பினா மட்டும் உடனே வாங்க."

"என்னவாம்?" என்றார் மனைவி.

"ஒண்டும் முளைக்கேல்லையாம்."

"அப்ப என்ன நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கையைக் கழுவிப்போட்டு உள்ளியை உரியுங்கோ" என்று பூண்டை என் பக்கம் தள்ளினார்.

அன்று மாலை, மூடியைத் துணியால் கட்டிய பாத்திரத்தை மடியில் ஏந்தி, செம்மஞ்சள் தட மெட்ரோவில் லவாலுக்குச் சென்றோம். மகள் பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்தபோது, பல நாட்களுக்குப் பிறகு என் நெஞ்சு இலேசாயிற்று.

அப்பரிசோதனைத் தாளை நான் எறியவில்லை; இத்துடன் அனுப்பியுள்ளேன். இக்குறிப்பையும் அதனோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.