ஒன்பதாவது படியில் இரண்டு தட்டு

பெயிண்ட் ஆலையில் இருபத்தாறு வருஷம் கலவை இயந்திரம் ஓட்டியவருக்குக் கலவை இயந்திரம் ஓட்டத் தெரியாது என்று இரண்டு முறை நிரூபணமாகிவிட்டது. மூன்றாவது முறையும் நிரூபணமானால் வேலைக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திறனைப் புதுப்பித்துச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்பது புதிய கொள்கை. ‘ஆயுள் முழுவதும் கற்றல்’ என்று அதற்குப் பெயர். பயிற்சிக்கு வந்து உட்கார்ந்தவர்கள் ஆயுளை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்தில் தண்டனையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆலை மூடி மூன்று வருஷம் ஆகியும் அவரை எல்லோரும் ஆபரேட்டர் என்றே கூப்பிட்டார்கள்.

பயிற்சி நிலையம் ஒரு காலத்தில் துணிக்கடை. உடை மாற்றும் அறைகளில் ஆளுக்கொரு கணினி வைத்திருந்தார்கள். கண்ணாடிகளைக் கழற்ற மறந்துவிட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே தன்னை மேற்பார்வை பார்க்கும். திரையில் ஒரு பெரிய கலவை டிரம். கையுறை போட்ட இரண்டு கைகள் பதினான்கு படிகளில் அதை ஓட்டிக்காட்டும். அதையே இவர்கள் மாதிரிப் பலகையில் செய்துகாட்ட வேண்டும்.

முதல் நாளே ஆபரேட்டர் ஒன்றைக் கவனித்தார். திரையில் இருந்த இடது கையின் சுண்டுவிரல் மடங்கவில்லை. அவருக்கும் மடங்காது.

ஆலையின் கடைசி வருஷத்தில் சிலர் கேமராவோடு வந்தார்கள். மூன்று வாரம் அவர் கைகளைப் படம்பிடித்தார்கள், ‘நிபுணர்’ என்றார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கடிகாரம் இன்னும் ஓடுகிறது. ஆக, தன்னைப் போலவே செய்யத் தெரியாமல் இரண்டு முறை தோற்றவர் அவர்.

ஒன்பதாவது படி: மூடியை இரண்டு முறை தட்டவும், மூன்று விநாடி காத்திருக்கவும். பத்தாவது படி: பச்சைப் பொத்தானை அழுத்தவும். இரண்டு தேர்விலும் எட்டிலிருந்து நேராகப் பத்துக்குப் போய்விட்டார்.

“மத்ததெல்லாம் அவ்வளவு சுத்தமா பண்றீங்க. ஒன்பதுல மட்டும் என்னண்ணே?” என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண். அவர் மகள் வயதுதான் இருக்கும்.

“எதுக்கும்மா தட்டணும்?”

“சிஸ்டம்ல இருக்கு. மூடி சரியா உக்காந்திருக்கான்னு பாக்கறதுக்கா இருக்கும்.”

பக்கத்து அறையிலிருந்து பழைய பஸ் கண்டக்டர் தலையை நீட்டினார். “பாத்ரூம் கதவுன்னு நெனச்சுத் தட்டுங்க ஆபரேட்டரே. உள்ள ஆள் இருந்தா குரல் குடுக்கப்போறான்!”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் படிக்குச் சரியான காரணத்தைச் சொன்னவர் கண்டக்டர் ஒருவர்தான் என்பது ஆபரேட்டருக்கு மட்டும் தெரியும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு பிற்பகல். அவர் மனைவியின் அண்ணன், ஒரே ஷிப்ட்டில் வேலை பார்த்த மச்சான், காய்ந்த பெயிண்டைச் சுரண்ட டிரம்முக்குள் இறங்கியிருந்தார். டீ குடித்துவிட்டு வந்த ஆபரேட்டர், மூடி பாதி திறந்திருக்கிறதே என்று தள்ளிச் சாத்தினார். பொத்தானை அழுத்தினார். மின்கோளாறு என்று அறிக்கை எழுதி விசாரணையை முடித்தார்கள். மறுநாளிலிருந்து அவர் தட்ட ஆரம்பித்தார். தட்டிவிட்டுக் குரலுக்காக நிற்பார். எவ்வளவு நேரம் என்று அவர் எண்ணியதில்லை. மூன்று விநாடி என்பது கேமராக்காரர்கள் போட்ட சராசரி.

ஆலையில் தட்டியபோது, உயிரோடு யாரும் உள்ளே இருந்துவிடக் கூடாதே என்ற பயம். இங்கே திரையில் வரைந்த டிரம்முக்குள் உயிரோடு யாரும் இறங்க முடியாது. அதனால்தான் கை எழவில்லை. இதற்குள்ளிருந்து பதில் வந்தால் அது ஒரே ஒரு ஆளுடையதாகத்தான் இருக்கும்.

மூன்றாவது தேர்வன்று எட்டுப் படி முடித்துக் கையைத் தூக்கினார். கண்ணாடியில் இன்னொருவரும் தூக்கினார். தட்டினார், இரண்டு முறை. மூன்று விநாடி போயிற்று. ஐந்து. ஒன்பது. திரை சிவந்து ‘தாமதம்’ என்றது.

“பட்டனை அமுக்குங்கண்ணே!” பெண்ணின் குரல் பதறியது.

பதினோராவது விநாடியில் அமுக்கினார். விளிம்பில் தேறினார்.

வேலையும் கிடைத்தது: புதிய ஆலையில் கண்காணிப்பாளர். ஓட்டுவதற்கு ஆள் கிடையாது, ஆறு டிரம்களையும் இயந்திரக் கைகளே ஓட்டும். கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் நாள் காலையில் ஆறு இரும்புக் கைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. ஆறு மூடிகளில் இரண்டிரண்டு தட்டு. மூன்று விநாடி அந்தப் பெரிய கூடம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. பிறகு பச்சை விளக்குகள் எரிந்தன.

அன்று நாற்பது முறை அப்படி நடந்தது. நாற்பது முறையும் அவர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார்.

சாயங்காலம் மனைவி கேட்டாள். “மெஷினெல்லாம் எப்படி?”

“தட்டுது.”

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் ஏன் தட்டினார் என்று அவளுக்குத் தெரியும்; ஆனாலும் பத்தொன்பது வருஷமாக அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை.

“எத்தனை தடவை?”

“ரெண்டு.”

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம்” என்றாள். “இன்னும் கொஞ்சம் நிக்கச் சொல்லக் கூடாதா?”

“அதுங்க படிச்சதைத்தான் செய்யும்.”

“நாளைக்கும் போவீங்களா?”

“போகணும்” என்றார். “யாராவது நிக்க வேணாமா?”