பெறுநர் யாருங்க?

மனு எழுதற தொழில்ல பாதி வேலை, காயிதத்தை யாருக்குப் போடறதுன்னு கண்டுபிடிக்கறதுதானுங்க. மீதிப் பாதி, வந்தவங்களை அதுக்குச் சம்மதிக்க வெக்கறது. பட்டாவுல பேரு மாத்தணும்னு வருவாரு. தாசில்தாருக்கு எழுதலாமுங்கன்னா, "எழுதறதே எழுதறீங்க, முதலமைச்சருக்கே எழுதிப்போடுங்க"ம்பாரு. ஜன்னல் ஜன்னலா அலைஞ்சு செருப்புத் தேஞ்ச உங்களுக்கெல்லாம் இந்தப் பாடு தெரியாததா?

மத்த நாள்ல மதுக்கரைப் பக்கம் தாலுகா ஆபீசு வாசல்ல உக்காந்திருப்பேன். செவ்வாய்க்கிழமை மட்டும் எங்க அந்தோணியார் கோயில். நவநாள் பூசைக்கு வர்றவங்க அவங்கவங்க குறையைச் சீட்டுல எழுதி, சுரூபம்னு நாங்க சொல்ற சிலைக்குக் கீழ இருக்கற பெட்டியில போடுவாங்க. எழுதத் தெரியாதவங்களுக்கும், தெரிஞ்சும் கை நடுங்கறவங்களுக்கும் நான் எழுதித் தருவேன். அங்கயும் வந்து நிக்கறது அதே கேள்விதான். பெறுநர் யாரு? யேசுவா, மாதாவா, அந்தோணியாரா?

இந்தக் கேள்வியிலதான் என்ற மக ஸ்டெல்லா ரெண்டு வருசம் எங்க ஊட்டுப் படியேறலை. ஒரே மக. அவளோட அம்மா போய்ச் சேர்ந்து அஞ்சு வருசமாச்சு. ஊட்ல நானும், சுவத்து அலமாரியில பாலயேசுவைக் கையில ஏந்தின அந்தோணியாரு சுரூபமும்தான். அவ ஒருக்கா வந்துட்டாப் போதும்னு கெடந்தேனுங்க.

மூணு சீட்டு

வால்பாறையிலிருந்து ஒரு அம்மா வந்தாங்க. எஸ்டேட்ல தேயிலை பறிக்கறவங்க. கொண்டையூசி வளைவு அத்தனையும் பஸ்ல சுத்தி எறங்கி, மொகம் வெளிறிப்போய் உக்காந்தாங்க. மகனுக்குப் பொண்ணு அமையலையாம். ஒரே விஷயத்தை மூணு சீட்டுல எழுதச் சொன்னாங்க. யேசுவுக்கு ஒண்ணு, மாதாவுக்கு ஒண்ணு, அந்தோணியாருக்கு ஒண்ணு.

"எதுக்குங்கம்மா மூணு? குடுக்கறவரு ஒருத்தருதானே"ன்னு கேட்டேன். இத்தனை வருசம் மனு எழுதினவன்ங்கற திமிரு எனக்கு. அந்த அம்மா என்னை ஒண்ணும் தெரியாதவனைப் பார்க்கற மாதிரிப் பார்த்தாங்க. "எங்க எஸ்டேட்ல தொரைக்கு எழுதினது மேசையிலயே கெடக்குமுங்க. தொரையம்மா காதுல போட்டாத்தான் அன்னைக்கே நடக்கும். ஆனா பங்களாவுக்குள்ள காயிதத்தைக் கொண்டுபோக ஒரு ஆளு வேணுமில்லீங்களா?"

வாய் படுத்தின பாடு

ஸ்டெல்லாவைக் கட்டிக் குடுத்தது திருப்பூர்ல. மாப்பிள்ளை தங்கமான பையன், பெந்தெகொஸ்தே சபை. அவளும் அதுலயே சேர்ந்துக்கிட்டா. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. ஆனா ஊட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தோணியாரை மொறைக்க ஆரம்பிச்சா. பிதாவைக் குமாரன் பேரால கேட்டாப் போதும், நடுவுல ஆளு எதுக்குன்னு வசனம் வசனமாச் சொல்லுவா. அவ சொல்றது தப்புன்னும் எனக்குச் சொல்லத் தெரியலை.

சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கே! "அப்படீன்னா கொழந்தைக்குச் சளி புடிச்சாக்கூட, ஜெபம் பண்ணுங்கன்னு பாஸ்டருக்கு எதுக்கு அம்மணி போன் போடறே? உயிரோட இருக்கற ஆளை நடுவுல வெக்கலாம், செத்தவரை வெக்கக் கூடாதாக்கும்?"னு கேட்டுப்போட்டேன். வாதத்துல ஜெயிச்சேன், மகளைத் தோத்தேன். ஒரு வயசு மக எஸ்தரை இடுப்புல தூக்கிட்டு வாசல்ல நின்னு சொன்னா: "உள்ள வாங்கன்னு ஆண்டவரு கதவைத் தொறந்து வெச்சிருக்காரு. நீங்க ஆபீசுலயும் வாசல், கோயில்லயும் வாசல், அங்கயே உக்காந்து எழுதிட்டு இருங்கப்பா."

விலாசம் வேண்டாமுங்க

ஒரு தோட்டக்காரர் வருவாருங்க. நல்ல வெள்ளை வேட்டி, கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு. கிறிஸ்தவர் இல்லை. மூணு போர்வெல் போட்டும் தண்ணிக்குப் பதிலாப் பொகைதான் வந்துச்சாம். காணாமப் போனதையெல்லாம் அந்தோணியாரு கண்டுபிடிச்சுத் தருவாருன்னு யாரோ சொல்லி, தண்ணியும் காணாமப் போனதுதானேன்னு வந்துட்டாரு.

மனுவை ஒழுங்கா எழுதிட்டு, "பேரு, ஊரு சொல்லுங்க"ன்னேன். மனுசன் பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தாரு. பேரு வேண்டாமாம், ஊரும் வேண்டாமாம். எங்க ஊர்க்கோயில் மாரியம்மாளுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்ங்கறாரு. விலாசம் இல்லாம எந்தத் தோட்டத்துலங்க தண்ணி குடுப்பாருன்னு கேட்டா, ரொம்ப மரியாதையாச் சொன்னாரு: "பொள்ளாச்சி ரோட்டுல அப்படியே வரச் சொல்லுங்க. எந்தத் தோப்பு காஞ்சு கெடக்குதோ அது நம்மளுதுதானுங்க."

உரிய வழியாக

புதுசா வந்த பங்குச் சாமியாரு சின்ன வயசு. ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டியைத் தொறந்து சீட்டெல்லாம் படிச்சுப்போட்டு என்கிட்ட வந்தாரு. "ஏனுங்க, வீடு குடுங்க, வேலை குடுங்கன்னு எல்லாத்தையும் அந்தோணியாருகிட்டயே கேட்டிருக்கீங்களே? குடுக்கறவரு கடவுளுங்க. புனிதருங்க நமக்காக வேண்டிக்கறவங்கதான்" அப்படீன்னாரு. நான் ஒண்ணும் வாதாடலை. வாதாடிப் பட்டதே போதும்.

அடுத்த வாரம் எல்லாச் சீட்டுலயும் மாத்திட்டேன். பெறுநர்: எல்லாம் வல்ல இறைவன். வழி: புனித அந்தோணியார். சர்க்கார் உத்தியோகத்துல இருக்கறவங்க மேலிடத்துக்கு எழுதினா, நேரா மேல இருக்கற அதிகாரி வழியாத்தானே அனுப்பணும்? சாமியாரு படிச்சாரு, சிரிக்க ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்லை. "குருமடத்துல இதை நாங்க வருசக்கணக்காப் படிச்சோமுங்க, நீங்க ஒரு வரியில முடிச்சுப்போட்டீங்களே!"

எழுத வராத மனு

போன மாசம் மாப்பிள்ளை போன் போட்டாரு. "மாமா, எஸ்தருக்கு டெங்கு. கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கோம். ரத்தத்துல தட்டணு எண்ணிக்கை எறங்கிட்டே இருக்குதுங்க." ஒடனே கெளம்பிட்டேன். பஸ்ல போகும்போது ஸ்டெல்லா என்ன சொல்லுவா, நான் என்ன பதில் சொல்றதுன்னு ஒவ்வொண்ணா யோசிச்சுட்டே போனேன். அந்த நேரத்துலயும் புத்தி எங்க போகுது பாருங்க.

வார்டுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா. மடியில மூடின பைபிள். நாள் பூரா ஜெபம் பண்றவ, உதடுகூட அசையலை. மொகத்தைப் பார்த்ததும் பஸ்ல யோசிச்சதெல்லாம் பறந்துபோச்சு. பக்கத்துல உக்காந்தேன். பழக்க தோஷம், சட்டைப் பையிலிருந்து பேனாவையும் சீட்டையும் எடுத்து 'பெறுநர்'னு எழுதினேன். அதுக்கு மேல ஒரு எழுத்து வரலைங்க. ஊருக்கெல்லாம் எழுதின கை, அப்படியே நின்னுபோச்சு. மடிச்சு உள்ள வெச்சுட்டேன். எனக்கு அழுகை வந்துருச்சு. அவ என் தோள்ல சாஞ்சா. ரொம்ப நேரம் கழிச்சு, "ஆண்டவரே..."ன்னு மெதுவா ஆரம்பிச்சா. அவ கேக்கக் கேக்க நான் ஆமென் சொல்லிட்டு இருந்தேன்.

நாலாம் நாள் தட்டணு ஏற ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் பண்ணினதும் நேரா எங்க ஊட்டுக்குத்தான் வந்தாங்க. வர்றாங்கன்னு தெரிஞ்சதும் அந்தோணியாரு மேல துண்டைப் போட்டு மூடிறலாமான்னு ஒரு யோசனை. மனசு வரலை, அப்படியே விட்டுட்டேன். எஸ்தர் உள்ள வந்ததும் நேரா அவருகிட்டத்தான் போனா. "தாத்தா, இவரு பாப்பாவைத் தூக்கி வெச்சிருக்காரு!" நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவ அந்தப் பக்கம் திரும்பலை. கொழந்தைக்கு ரசஞ்சோறு பெசஞ்சுக்கிட்டே சொன்னா: "நான் நேராத்தானுங்கப்பா கேட்டேன், இனியும் நேராத்தான் கேப்பேன். ஆனா நீங்க வந்து பக்கத்துல உக்காந்த அப்பறம்தான் எனக்கு வாயே வந்துச்சு."

இத்தனை வருசத்துல ஆயிரம் பேருக்கு ஆயிரம் விதமா எழுதிக் குடுத்தவன், ஒரு வரியும் எழுதாம அன்னைக்கு அந்த பெஞ்சுல சும்மா உக்காந்திருந்ததுதான், நான் பார்த்த வேலையிலயே உருப்படியான வேலைங்க.