ராகிப் போரும் ஜீப் வயரும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பக்கத்து நிலத்து முனிரெட்டியைத் திட்டினேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன்.

காரணம் என் ஜீப்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அந்த ஜீப்பைத் தெரியும். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தில் ஏலம் விட்டதில் வந்தது. கதவு கிடையாது. ஹாரன் உண்டு — அடித்தால் இருமும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற ரோட்டில் மூன்றாவது மைலில் என் வீடு. என் மாந்தோப்பு அங்கிருந்து உள்ளே ஐந்து மைல். ஜீப் ஓடாவிட்டால் நடைதான்.

அன்றைக்கு ஸ்விட்சைப் போட்டு, காலடி ஸ்டார்ட்டரை மிதித்தேன். எஞ்சின் பிடிக்கவில்லை. ரப்பர் கருகுகிற நாற்றம் மட்டும் வந்தது. பானெட்டைத் தூக்கினால்... உள்ளே எலிக்கூடு! பஞ்சு, வைக்கோல், நடுவில் நாலைந்து ராகிக் கதிர். பக்கத்திலேயே வயர்கள் அறுந்து, செம்புக் கம்பி பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

ஜீப் நிற்கிற என் கொட்டகையிலிருந்து ஆறு கஜ தூரத்தில் ரெட்டியின் நிலம். அங்கேதான் அவருடைய ராகிப் போர். வேறு என்ன சாட்சி வேண்டும்?

"யோவ் ரெட்டி! உன் எலி என் ஜீப்பத் தின்னுபுட்டுது, வந்து பாரு!"

முனிரெட்டி வேப்பங்குச்சியும் வாயுமாக வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுவார். என்னோடு தமிழ். மாட்டோடு மட்டும் கன்னடம் — மாடு மைசூர் சீமை ஆனேக்கல் சந்தையில் வாங்கியது.

"என் எலின்னு எப்படிண்ணா சொல்றீங்க? முதுகுல பேர் எழுதிக்கினு சுத்துதா?"

"கூட்டுல உன் ராகி கெடக்குது. போர எடு. இன்னிக்கே எடு. இல்லன்னா பஞ்சாயத்துக்குப் போறேன்."

"மேல பாருங்கண்ணா, மானம் மூடிக்கினு இருக்குது. தை வரட்டும். அடிச்சு முடிச்சு எடுத்துடறேன்."

"தை வரைக்கும் என் ஜீப்ப எலிக்குப் படையல் வெக்கச் சொல்றியா?"

அவர் பதிலுக்குக் கத்தியிருந்தால் நானும் இன்னும் நாலு வார்த்தை கத்திவிட்டு ஓய்ந்திருப்பேன். அவர் கத்தவில்லை. வேப்பங்குச்சியைத் துப்பினார்.

"சரிங்கண்ணா. இன்னிக்கே பிரிச்சிடறேன்."

போய்விட்டார்.

எனக்கும் விவசாயம் தெரியும். ராகிப் போர் என்பது சும்மா குவித்துவைத்த குப்பை அல்ல. கதிர் உள்ளே, தாள் வெளியே என்று சரிவாக அடுக்கியிருப்பார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் வழிந்து ஓடிவிடும். ஒரு பக்கம் பிரித்துவிட்டால் போச்சு, கூரை பிய்ந்த வீடு மாதிரி. நனைந்த கதிர் முளைவிடும், பூசணம் பிடிக்கும். ரெட்டியின் வீட்டில் ஏழு பேர். அடுத்த அறுப்பு வரை அவர்கள் களி கிண்டுவதற்கு இருப்பது அந்தப் போர் ஒன்றுதான். அவர் வீட்டுக்குள் அதைக் கொண்டுபோய் வைக்க இடமும் இல்லை.

இத்தனையும் தெரிந்துதான் சொன்னேன். கோபத்தில் இருக்கிறவனுக்கு விஷயம் தெரியாது என்று யார் சொன்னது? நன்றாகத் தெரியும். அந்த நேரத்துக்கு அது பெரிதாகப் படாது, அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வயர் வேலையில் உட்கார்ந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிடுகிற வழக்கம் எனக்கு இல்லை. ஒன்றைக் கழற்ற வந்து மூன்றைக் கழற்றிப்போட்டுப் போகிறார்கள். முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினேன். என் மனைவி ருக்மணி கரி அடுப்பை மூட்டி, ஈயம் பற்றவைக்கிற இரும்பைப் பழுக்கப் போட்டாள். பெங்களூர் பஸ் டிரைவரிடம் சொல்லி வாங்கிவைத்திருந்த கறுப்பு டேப் இரண்டு சுருள் தயாராக இருந்தது.

கூட்டை வாரி எறிந்துவிட்டு, அறுந்த வயர் ஒவ்வொன்றையும் ருக்மணியிடம் காட்டினேன். ஸ்விட்சிலிருந்து இக்னிஷன் காயிலுக்குப் போகிறது ஒன்று. டைனமோவுக்குப் போகிறது ஒன்று. ஹாரனுக்கு ஒன்று. அவள் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க... அறுந்தது மூணும் நீங்க கட்டுப் போட்ட எடமாவே இருக்குதே?"

"அதுக்கென்ன?"

"ஆடி மாசம் கட்டுப் போட்டீங்களே. எதை வெச்சு ஒட்டினீங்க?"

ஆடி மாதத்தில் அந்த மூன்று இடங்களிலும் பழைய துணி உறை இற்றுப்போயிருந்தது. டேப் கிடைக்கவில்லை. கம்பளி நெய்கிறவர்கள் நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை போடுகிறார்களே, காய்ந்தால் விறைத்துக்கொண்டு நிற்கிறதே, அது நம் வயருக்கு ஆகாதா என்று எனக்கு ஒரு யோசனை. என் பழைய வேட்டியைக் கிழித்து, பசையில் தோய்த்து, மூன்று இடத்திலும் சுற்றிவிட்டேன். கல் மாதிரி காய்ந்தது. பெருமையாகக்கூட இருந்தது. பசையைக் கிண்டிக் கொடுத்தவளே ருக்மணிதான்.

"மிச்சப் பசை இருந்த சட்டிய எலி நக்கிட்டுப் போவுதுன்னு அப்பவே சொன்னேன். காதுல வாங்குனாத்தானே?"

வயர்க் கட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தேன். கம்பெனியில் சுற்றி அனுப்பிய துணி, தார் மாதிரி எதையோ பூசியது, கூட்டுக்கு அடியிலேயே ஓடுகிறது. அதில் ஒரு பல் பட்டிருக்கவில்லை. என் வேட்டி இருந்த இடங்களில் மட்டும் துணியைத் தின்று, பசையைத் தின்று, அந்த ருசியில் கீழே இருந்த ரப்பரையும் தின்றிருக்கிறது.

எலி கடித்திருக்கிறது என்று காலையில் பார்த்தேன். எதைக் கடித்திருக்கிறது என்று பார்க்கவில்லை. அதற்குள் வேலிக்கு ஓடிவிட்டேன்.

இப்போதும் ஓடினேன்.

ரெட்டியும் அவர் மனைவியும் தம்பியும் போரின் உச்சியைப் பிரித்து, பாதிக்கு மேல் கீழே இறக்கியிருந்தார்கள். கிழக்கே வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது.

"ரெட்டி, நிறுத்து. போர எடுக்க வேணாம்."

"இன்னாங்கண்ணா, இப்ப வேற எலியா?" என்றார் தம்பி.

"தப்பு என்னுது. புளியங்கொட்டைப் பசையில வயருக்குக் கட்டுப் போட்டிருந்தேன். எலி அதுக்குத்தான் வந்திருக்குது."

ரெட்டி கையிலிருந்த ராகிக் கட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப அது எங்க எலி இல்லியா?"

"எலி உன் எலிதான். சோறு போட்டவன் நான்."

அவர் மனைவிதான் முதலில் சிரித்தது. ரெட்டி சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தார்.

"இதக் காலையில சொல்லியிருந்தா போர் நின்னிருக்கும். இனிமே எப்படிண்ணா அடுக்கறது? அரை மணியில வந்துடும்."

நியாயமான கேள்வி. மன்னிப்புக் கேட்டால் மழை நிற்குமா?

"என் கொட்டாய்ல போடு."

"ஜீப்பு?"

"ஜீப் நனைஞ்சா முளைக்குமா? தள்ளு!"

ஓடாத ஜீப்பை ஐந்து பேருமாக முற்றத்துக்குத் தள்ளினோம். அப்புறம் ராகிக் கட்டுகள். ரெட்டி எடுத்துக் கொடுக்க, நான் சுமக்க, ருக்மணி உள்ளே அடுக்கினாள். அடுக்கத் தெரியவில்லை என்று அவளைத் தெலுங்கில் ரெட்டியின் மனைவி அதட்டினாள். ருக்மணிக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் சரியாகப் புரிந்துகொண்டு திருப்பி அடுக்கினாள். கடைசி இருபது கட்டு உள்ளே வரும்போது பெரிய தூறலாக விழுந்தது. அவை கொஞ்சம் நனைந்தன. அவற்றைத் தனியே பிரித்து, என் வீட்டுக் கூடத்தில் பரப்பினோம்.

ரெட்டி கால் சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "பஞ்சாயத்துக்கு எப்பண்ணா போறீங்க?"

அப்போதுதான் சிரித்தார். எனக்கு அது வேண்டியதுதான்.

மறுநாள் வெயில் அடித்தது. முற்றத்திலேயே உட்கார்ந்து, மூன்று வயரையும் சுரண்டி முறுக்கி, ஈயம் பற்றவைத்து, கறுப்பு டேப்பை ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றினேன். பாட்டரியை மாட்டி ஸ்விட்சைப் போட்டால் ஜீப் முதல் மிதியிலேயே கிளம்பியது. ஹாரன் பழையபடி இருமியது.

இன்றோடு எட்டு நாள். ராகி கொட்டகையில் இருக்கிறது. ஜீப் முற்றத்தில் கிடக்கிறது. டேப் பக்கம் ஒரு எலிகூட எட்டிப்பார்க்கவில்லை.

இன்று காலை ரெட்டி கொட்டகைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வேலியோரம் வந்து நின்றார். கையில் கடித்துப் போட்ட கதிர் ஒரு கொத்து.

"அண்ணா, உங்க கொட்டாய்ல எலி ஜாஸ்தி. எங்க ராகியெல்லாம் போவுது. பார்த்து இன்னாவாச்சும் பண்ணுங்க."

ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.  பூனை ஒன்று தேடிக்கொண்டு கிளம்பிவிட்டேன் — ஜீப்பில்தான்.