ஆறரைச் சாண் பிடி

இந்தப் பெருந்துறைப் பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்துதான் களை எடுக்கிறார்கள். கையில் முழ நீளம்கூட இல்லாத களைக்கொத்து. குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து ஒரு பாத்தியை முடித்துவிடுகிறார்கள். நான் வந்து ஆறு வருடமாகிறது, இன்னமும் காலையில் அதைப் பார்த்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது. மலேசியாவில் நம் ரப்பர்த் தோட்டத்தில் புல் வெட்ட யார் உட்கார்ந்தோம்? சங்குல் என்கிற அந்த ஊர் மண்வெட்டிக்குப் பிடியே ஆறரைச் சாண், மோவாய் வரை வரும். நிமிர்ந்து நின்று வெட்டுவோம், நின்றபடியே ஊர்க்கதையும் பேசுவோம். காலையில் நானூறு பால்மரம் சீவிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் கங்கோங் கீரையும் மிளகாயும் போட்டவள் நான். முதுகு வலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. மண்வேலையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

மகள் உமாவை இந்த ஊரில் கட்டிக்கொடுத்தேன். அவள் அப்பா போன பிறகு நானும் இங்கேயே வந்துவிட்டேன். வீட்டை ஒட்டி இரண்டு சென்ட் வெறும் நிலம் கிடந்தது. கத்தரி, அவரை, பாகல் போட்டேன். வந்த புதிதில் களைக்கொத்தில் ஒரு மூங்கில் குச்சியைக் கட்டி, நின்றுதான் வெட்டினேன். அடுத்த வீட்டு மயிலாத்தாள், என் வயதுக்காரி, வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சிரித்தாள்.

“ஏனுங்க மலேசியாக்கா, மண்ணு மேல கோவமுங்களா? இப்பிடி எட்ட நின்னு கொத்தறீங்க!”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குச்சியை அவிழ்த்து எறிந்தேன். இவர்களுக்கு நான் என்ன குறைந்தவளா என்று குந்தினேன். ஆறு வருடம் குந்தியதன் பலன், போன மாதம் பாத்தியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் அரைமணி நேரம் கத்தரிச்செடிகளுக்கு நடுவிலேயே இருந்தேன். கூப்பிடவும் வெட்கம். உமா தற்செயலாக வந்துதான் தூக்கினாள்.

முட்டி தேய்ந்திருக்கிறது, குந்தக் கூடாது என்றார் டாக்டர். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, உடம்பை அசைப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னார். உமா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

“போதும்மா. அடுத்த வாரம் கொத்தனார் வர்றார். அந்த இடத்துக்கு சிமெண்டு போட்டுடலாம். நீ வாசல்ல நாற்காலி போட்டு உக்காரு.”

நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அடுத்துக் கட்டிலுக்குப் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை களைக்கொத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு லேத் பட்டறைக்கு நடந்தேன். இதில் ஆறரைச் சாண் பைப்பைப் பற்றவைத்துக் கொடு என்றேன். பட்டறைக்காரர் கொத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“முருங்கக்கா பறிக்கறதுக்குங்களா? அப்ப முனை வளையோணுமுங்கம்மா.”

“இல்லை தம்பி, களை வெட்ட.”

“கெணத்துக்குள்ளீங்களா?”

நின்று வெட்ட என்று செய்து காட்டினேன். என் தலையில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார். ஆனாலும் மெல்லிய பைப்பாகப் பார்த்து, சுத்தமாகப் பற்றவைத்துக் கொடுத்தார்.

கொத்தனார் வருவதற்கு முந்தின நாள், உமாவைப் பக்கத்தில் நிற்கவைத்து இரண்டு பாத்தியை நின்றபடியே முடித்தேன். முட்டி முனகவில்லை. அவள் உள்ளே போனாள். போனில் பேசுவது கேட்டது. “அண்ணா, சிமெண்டு வேண்டாங்க. பாத்தி ஓரத்துல அம்மா புடிச்சுக்க ஒரு கம்பி மட்டும் நட்டுக் குடுங்க.”

வேலிக்கு அந்தப்பக்கம் மயிலாத்தாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை சிரிப்பு இல்லை. “இங்க குடுங்க பாக்கலாம்” என்று வாங்கி நான்கு வெட்டு வெட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கும் ஒண்ணு அடிச்சுக் கொண்டாந்துபோடுங்க. நானே முருங்க மரத்தப் புடிச்சுத்தான் எந்திரிக்கறேன். எங்கூட்டு மருமவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

அவள் திருப்பித் தந்ததும் பிடியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். மலேசியாவில் என் மோவாயில் நின்ற ஆறரைச் சாண், இங்கே உதட்டைத் தொடுகிறது. என் சாண் மாறவில்லை. நான்தான் குறைந்திருக்கிறேன். “மேல ரெண்டு வெரல் அறுத்துப்போடலாமுங்க” என்றாள் மயிலாத்தாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொத்து கீழே பெருந்துறைச் செம்மண்ணில் புதைந்திருக்கிறது. மேலே அந்த இரண்டு விரல், அங்கே நிமிர்ந்து நின்றவளின் மோவாய்க்காக அப்படியே இருக்கட்டும்.