மஞ்சள் குளிசையும் திறக்காத மூடியும்

பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவருக்கு இரண்டு காலும் ஒரு வாயும் காணாது. "சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?" என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆயுளில் பாதி கரைந்துவிடும். அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட இருக்கிற ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு கனகாலமாக நிற்கிறேன். பஸ் கொண்டக்டர்மாரே, வங்கிக் கவுண்டரில் இருப்பவர்களே, பள்ளிக்கூட வாசலில் ஐஸ்கிறீம் விற்பவர்களே, நீங்கள் எல்லாரும் என் இனசனம். சனத்தோடு மாரடிக்கிற பாடு உங்களுக்கும் தெரியும் என்பதால்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

காசு போகிற வழி

அரியாலைப் பக்கத்து ஐயா ஒருவர், ஓய்வுபெற்ற தபாலதிபர், இங்கே மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். உடம்பு அசதி என்று என்னிடம் பி விற்றமின் குளிசை வாங்கிப் போனார். இரண்டாம் நாள் விடிய, நான் கடைக்கு விளக்கு வைக்க முன்னமே வாசலில் நிற்கிறார், முகம் கடுகடுவென்று. ஒன்றுக்குப் போனால் மஞ்சளாகப் போகிறதாம். சந்தைக்குப் போகிற சனத்துக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். தபால் கந்தோரில் உரத்துக் கதைத்துப் பழகிய குரல்.

பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன். பி விற்றமினில் இரண்டாவது வகைக்கு இயற்கையிலேயே மஞ்சள் நிறம். உடம்பு தனக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விட்டுவிடும், அது தன் நிறத்தோடேயே வரும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "அப்ப நான் காசு குடுத்து வாங்கி, உடம்பை ஒருக்கா சுத்திக் காட்டிப்போட்டு வெளியிலை அனுப்பி வைக்கிறன், என்ன பிள்ளை?"

கனடாப் போத்தல்

வெளிநாட்டிலிருந்து வரும் மருந்துப் போத்தல்களுக்கு ஒரு மூடி உண்டு. உள்ளங்கையால் அமத்திக்கொண்டே திருகவேண்டும். வெறுமனே திருகினால் கடகடவென்று சுற்றுமே தவிரத் திறக்காது. சின்னப் பிள்ளைகள் திறந்து விழுங்கிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. ஊரில் அரைவாசிப் பேருக்கு மருந்து அனுப்புவது கனடாவில் இருக்கிற பிள்ளைகள். அதைத் திறந்து கொடுப்பது நான். இந்தச் சேவைக்கு எந்தப் பட்டப்படிப்பிலும் பாடம் இல்லை.

ஒரு அம்மா கொண்டுவந்த போத்தலின் மூடியில் பாக்குவெட்டியின் பல், கத்தியின் கீறல், அம்மிக்குழவியின் அடி எல்லாம் இருந்தன. மூடி மட்டும் அசையவில்லை. நான் அமத்தித் திருகினேன், திறந்துகொண்டது. அம்மா என்னையும் போத்தலையும் மாறிமாறிப் பார்த்தார். "பிள்ளையள் திறக்கக் கூடாதெண்டு செய்தவங்கள் சரி. பெத்தவளும் திறக்கக் கூடாதெண்டு ஏன் செய்தவங்கள்?"

பிழையான துண்டு

இனிச் சொல்லப் போவதெல்லாம் ஒரே வீட்டுக் கதை. ஒருநாள் மத்தியானம் சாந்தினி என்ற இளம்பெண் ஒருத்தி, டொக்டர் எழுதிய துண்டோடு வந்தாள். இடுப்பில் ஏழு வயது மகள் ஆரபி. அந்த வயதில் இடுப்பில் ஏறுகிற பிள்ளையைப் பார்த்து, "என்ன, பெரிய மனுசி நடக்க மாட்டாவோ?" என்று பகிடி விட்டேன். பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை. காது கேட்பதில்லை என்று தாய் சொன்னாள். முதலில் வகுப்பில் சொல்வழி கேட்பதில்லை என்று ரீச்சர் முறைப்பாடு சொல்லியிருக்கிறார். பிறகு கையிலிருந்து பென்சில் நழுவத் தொடங்கியது. பிறகு கால் தள்ளாடியது. பகிடி விட்ட என் வாயை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

துண்டில் இருந்தது ஒரே ஒரு மருந்து, அதே மஞ்சள் விற்றமின். ஆனால் எழுதியிருந்த அளவு ஒரு ஊருக்கே காணும். கை தவறி எழுதிவிட்டார் என்று நினைத்து டொக்டருக்கு ரெலிபோன் எடுத்தேன். "பிழையில்லை மிஸ், யோசிச்சுத்தான் எழுதினனான்" என்றார். அந்த விற்றமினை உடம்பின் கலங்களுக்குள், செல்களுக்குள், கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்று ஒரு புரதம் இருக்கிறதாம். அதைச் செய்கிற மரபணுவில் பழுது என்று சந்தேகம். சோதனைக்கு இரத்தம் வெளிநாட்டுக்குப் போயிருக்கிறது, முடிவு வர மாதக்கணக்காகும். அதுவரை பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சுவிடும் தசையும் தளர்ந்துவிடலாம். ஆகவே இப்போதே தொடங்க வேண்டும், ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

நான் குளிசைகளை எடுத்துவைத்தேன். சாந்தினி அந்தப் பெட்டிகளைத் தொடவேயில்லை. "விற்றமினோ அக்கா? என்ரை பிள்ளை என்ரை கண்ணுக்கு முன்னாலை உருகிப் போறாள், அதுக்கு விற்றமினோ?"

படலை

அடுத்த முறை தகப்பன் வந்தார். ஜெயந்தன், வெங்காயத் தோட்டக்காரர். டொக்டர் சொன்னது பாதிதான் விளங்கியதாம். நானும் பள்ளிக்கூடத்தில் பரம்பரையலகு என்று பாடமாக்கியதோடு சரி. ஆனாலும் என்னால் இயன்றமட்டும் சொன்னேன். "உங்கடை வீட்டு வாசல் படலை இறுகிப்போச்சு எண்டு வையுங்கோ. அரிசி, மா எல்லாம் ஒழுங்கையிலை வந்து நிக்குது, வீட்டுக்குள்ளை சனம் பட்டினி. படலை கொஞ்சமா நீங்கும். ஒராள் வந்தால் உள்ளை வரேலாது. ஒழுங்கை நிறையச் சனம் வந்து நெருக்கினால் ஒண்டு ரெண்டு பேராவது நுழைவினம். அதுக்குத்தான் இவ்வளவு குளிசை."

அது அவருக்கு உடனே பிடிபட்டது. பிடிபட்டதுதான் வினையாகவும் போயிற்று. படலை ஏன் பழுதானது என்று கேட்டார். ஒரு படலைக்கு இரண்டு கதவு, தாய் ஒன்று தருகிறாள், தகப்பன் ஒன்று தருகிறார். உங்கள் இருவரிடமும் நல்ல கதவு ஒன்றும் பழுதான கதவு ஒன்றும் இருந்திருக்கும். பிள்ளைக்கு வந்தது இரண்டு பழுதும், இது ஒருவர் பிழையும் இல்லை என்றேன். அவரும் சாந்தினியும் சொந்த மச்சான் மச்சாள். சொந்தத்துக்குள் கட்டாதவர்களுக்கும் இப்படி வருவதுண்டு என்று அவசரமாகச் சொன்னேன், அது உண்மையும்தான். அவர் கேட்கவில்லை. குளிசைப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "காணி வெளியாலை போகக் கூடாதெண்டு கட்டி வைச்சவை. காணி வந்துது. காணியோடை உதுவும் வந்துது."

செங்கமாரி

சாந்தினி விடியக் காலமை தையல் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவள். தகப்பன் தோட்டத்தில். ஆரபிக்கு நேரத்துக்கு நேரம் குளிசை கொடுக்கிற பொறுப்பு ஜெயந்தனின் மூத்த சகோதரி பவளக்காவுடையது. பிள்ளைக்காகச் செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருக்கிற மனுசி. குளிசை தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் ஆரபி சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றம்வரை போகிறாள் என்று கேள்விப்பட்டு எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒருநாள் பவளக்கா வந்து குளுக்கோஸ் ரின் ஒன்று கேட்டார். யாருக்கு என்றேன்.

"எங்கடை சின்னவளுக்குத்தான். செங்கமாரி." மஞ்சள் காமாலையைத்தான் சொன்னார்.

"டொக்டர் சொன்னவரோ?"

"டொக்டர் ஏன்? எனக்குக் கண்ணில்லையே? செவ்வந்திப்பூ மாதிரி மஞ்சளாப் போச்சுது. கீழ்க்காய்நெல்லி அரைச்சு மோரிலை குடுக்கிறன். எண்ணெய், முட்டை ஒண்டுமில்லை, பத்தியம். அந்தக் குளிசையையும் மறிச்சுப் போட்டன். செங்கமாரிக்கு இங்கிலிசு மருந்து ஆகாது."

தாய் தகப்பனுக்குத் தெரியுமா என்றேன். அதுகள் பயந்துவிடும் என்று சொல்லவில்லையாம். பிள்ளை எப்படி என்று கேட்டேன். ஒரு கிழமையாகப் படுக்கையாம், நேற்றிலிருந்து தண்ணீர் குடித்தாலும் புரையேறுகிறதாம். இவர் செங்கமாரியின் களைப்பு என்று நினைத்திருக்கிறார், தாய் தகப்பன் பழைய வருத்தம் முற்றுகிறது என்று.

கடையில் சனம் நிற்கிறது என்றும் பாராமல் கத்திவிட்டேன். செங்கமாரி என்றால் கண்ணின் வெள்ளையும் அல்லவா மஞ்சளாகும், பார்த்தீர்களா? கண் வெள்ளையாகத்தான் கிடக்கிறது என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. சாந்தினிக்குச் சொன்னேன், டொக்டருக்குச் சொன்னேன். ஓட்டோ போய்ப் பிள்ளையை ஏற்றியது. அவ்வளவுக்குப் பிறகும் பவளக்காவின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. மற்ற வேளை என்றால் விட்டிருப்பேன். பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வந்தால் குளிசை கொடுக்கப் போவது இந்தக் கைதானே. அதே மஞ்சள் குளிசை ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "நீங்களே போட்டுப் பாருங்கோ அக்கா. இது ஒண்டும் செய்யாது. நாளைக்கு வந்து சொல்லுங்கோ."

அடுத்தநாள் காலை வந்தார். வாசல் படியிலேயே இருந்துவிட்டார், உள்ளே வரவில்லை. நான்தான் வெளியே போனேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆரபிக்கு ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். "எனக்கும் மஞ்சளாத்தான் போச்சுது, பிள்ளை. நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன். அந்தப் பிஞ்சின்ரை மருந்தை நானே மறிச்சுப் போட்டனே."

பார்சல்

குளிசை திரும்பத் தொடங்கிய பிறகு, மெல்ல மெல்ல, குழாய் கழன்றது. சோதனை முடிவும் வந்தது. டொக்டரின் சந்தேகம் சரி. பிள்ளை வீட்டுக்கு வந்த நாளில் எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. கடைக்கு வருகிற குளிசை சின்ன அளவு, அதுவும் சில மாதம் வரும், சில மாதம் வராது. இந்த மருந்து ஒருநாளும் நிற்கக் கூடாதே.

கோயில் திருவிழாவுக்கு வந்த ஆரபியின் கனடாச் சித்தப்பா, டொக்டர் எழுதிக் கொடுத்தபடி, பெரிய அளவில் பெரிய போத்தல்களாகக் கொண்டுவந்து இறக்கினார். மற்றச் சொந்தக்காரரும் சும்மா இருக்கவில்லை. விற்றமின் என்று கேள்விப்பட்டதும் ஆளுக்கொன்றாக அனுப்பினார்கள்: மீன் எண்ணெய், தலைமயிருக்கு உள்ளது, வயதுபோன ஆண்களுக்கு உள்ளது. எல்லாவற்றையும் ஜெயந்தன் என் மேசையில் கொட்டினார். தேவையானதை மட்டும் பொறுக்கி எடுத்து, கனடாப் போத்தலை அமத்தித் திருகித் திறந்து கொடுத்தேன். மண்வெட்டி பிடிக்கிற தன் கையை அவர் பார்த்துக்கொண்டார். "மூண்டு நாளா நானும் அக்காவும் இதோடை மல்லுக்கட்டினனாங்கள். மருந்து கனடாவிலையிருந்து வந்திட்டுது, மூடியைத் தாண்டி வரேலாமல் கிடக்கு."

மூடி

போன மாதம் சாந்தினி கனடாப் போத்தலோடு உள்ளே வந்தாள். கண் கலங்கியிருந்தது. பின்னால் பவளக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஆரபி, தன் காலில். காதில் கருவி மாட்டியிருந்தது. காது கேட்பது முழுதாகத் திரும்பவில்லை, திரும்பும் என்று டொக்டர் வாக்குக் கொடுக்கவும் இல்லை. போத்தல் திறந்து கிடந்தது. "இதை ஆர் திறந்தது எண்டு கேளுங்கோ அக்கா" என்றாள்.

எனக்குப் பழக்கதோஷம். "பிள்ளைக்குக் கையெட்டுற இடத்திலையோ வைச்சனீங்கள்? விழுங்கினவளோ?" என்று பாய்ந்தேன். இல்லை, ஆரபிதான் மூடியைத் திறந்திருக்கிறாள்; தானே குளிசை போடப் போகிறேன் என்று ஒன்றை மட்டும் எடுத்துப் பவளக்காவிடம் காட்டிவிட்டுத்தான் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. பென்சில் பிடிக்க ஏலாமல் இருந்த கை.

போத்தலை வாங்கி, மூடியை இறுக்கி, அவள் கையில் கொடுத்தேன். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு அமத்தினாள். வழுகியது. கவுண்டரில் நின்ற சனமும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தது. போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்ப அமத்தித் திருகினாள். மூடி கையோடு வந்தது. நான் அழுதேன், மறைக்கவில்லை. ஆரபிக்கு எங்கள் அழுகையில் அக்கறை இல்லை. என் பின்னால் இருந்த தட்டுகளை அண்ணாந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கரகரத்த குரலில் கேட்டாள்: "வேறை போத்தல் இருக்கோ, அன்ரி? எல்லாத்தையும் திறந்து தாறன்."

"சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கோ" என்று போத்தலுக்குப் போத்தல் சொல்லியே சோறு தின்கிற நான், ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் எட்டுகிற இடத்திலேயே வையுங்கோ என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். யாராவது வந்து கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை என்பேன்.