மூடாத மடை

கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்று வந்தவரிடம் ஒரு கொலை நாவலைக் கொடுத்து, "நிஜம் மாதிரி இருக்கான்னு படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்ட மூடன் நான்தான். கேட்டு முடித்த பிறகுதான் யாரிடம் கேட்கிறேன் என்று உறைத்தது. அதற்குள் அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டுவிட்டார்.

கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர் அவர். இள வயதில், வாய்க்கால் தண்ணீர் முறை தவறி மடையைத் திறந்தது யார் என்ற சண்டையில் கீழ்வயல்காரரை மண்வெட்டியால் அடித்துவிட்டார். கீழே விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. இவர் தண்டனையை முழுதாகக் கழித்துவிட்டு வந்தார்.

நாவலோ ஐம்பதுகளில் வந்தது. கொடுமைக்கார மில் முதலாளியை ஒரு வாத்தியார் கொன்றுவிடுகிறார். குற்றவாளி வாத்தியாரா, வேடிக்கை பார்த்த ஊரா என்று பக்கம் பக்கமாக விசாரணை. அதைப் பற்றி நூலகத்தில் பேச ஒப்புக்கொண்டு, இருபது பக்கம் குறிப்பெழுதி, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து வரப்பில் வைத்துப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார்.

"கொன்னவன் மனசைப் பத்தியே எழுதியிருக்காரு சார். செத்தவன் பொண்டாட்டி மூணாவது அத்தியாயத்துல அழுதுட்டுப் போனா, அப்புறம் ஆளையே காணோம். அவ என்ன ஆனா?"

"அதை அவர் எழுதலைங்களே."

"நீங்க இருபது பக்கம் எழுதியிருக்கேன்னீங்களே, அதுல?"

அதிலும் இல்லை.

அவர் கீழ்வயலைக் கைகாட்டினார். இறந்தவரின் மனைவிதான் இப்போது அதைப் பார்க்கிறார். வாய்க்காலில் முறை வரும்போதெல்லாம் இவர் தன் மடையைச் சீக்கிரமே அடைத்து, மீதித் தண்ணீரைக் கீழே விடுகிறார். அந்த அம்மா இன்றுவரை இவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்னிக்காச்சும் அவங்க மடையை மூடிட்டாங்கன்னா என் தண்ணி வேணாம்னு அர்த்தம். ஒவ்வொரு முறையும் போயிப் பார்ப்பேன் சார். இதுவரைக்கும் தொறந்துதான் இருக்கு."

இருபது பக்கத்தையும் வீட்டில் வைத்துவிட்டு நூலகத்துக்குப் போய், நாவலாசிரியர் மறந்துபோன அந்த மனைவியைப் பற்றி மட்டும் பேசினேன். கடைசி வரிசையில் குத்தகைக்காரரும் உட்கார்ந்திருந்தார். கைதட்டல் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மிதப்பு. வெளியே வந்து, எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் பேசினீங்க சார். இன்னிக்கு வாய்க்கால்ல நம்ம முறை, இந்நேரம் முடிஞ்சிருக்கும். அரை மணியில முடிச்சிருந்தீங்கன்னா, நான் போயி மடையை அடைச்சு அந்தம்மாவுக்குத் தண்ணி விட்டிருப்பேன்."