அலமாரி பொருத்தத் தெரியாதவர்

தொழிற்சாலையில் அவளுக்கு ‘வெளிநாட்டம்மா’ என்று பெயர். பேருந்து நிலையத்தைத் தாண்டி அவள் போனதே அபூர்வம். பார்த்த வேலையால் வந்த பெயர் அது. அங்கே செய்கிற அலமாரிகள் துண்டு துண்டாகப் பெட்டியில் அடங்கிக் கப்பலேறும். வாங்குகிறவர் தன் வீட்டில் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் படத்தாளைப் பார்த்துத் தானே பொருத்திக்கொள்ள வேண்டும். முகம் தெரியாத அந்த வெளிநாட்டுக்காரருக்குப் பதிலாக இங்கே தரையில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், ஓர் அலமாரியைப் பொருத்திப் பார்ப்பாள் இவள். எங்கே திணறுகிறாளோ அங்கே படத்தைத் திருத்துவார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் உப்புத்தாள் தேய்க்கும் பிரிவிலிருந்து மேலாளர் அவளைப் பொறுக்கி எடுத்தார். ஒரே தகுதி, திருகாணியை எந்தப் பக்கம் திருகுவது என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றும் தெரியாததற்காக வேலை கொடுத்த புண்ணியவான் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இந்த வருடம் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. புதுச் செருப்பு அலமாரியின் ஆறாவது படத்தில் வாங்கினவர்கள் எல்லாரும் முழிக்கிறார்களாம். சரிசெய்யாவிட்டால் ஆர்டர் பக்கத்து நாட்டுக்குப் போய்விடுமாம். நம் மரச்சாமானுக்கு உலகச் சந்தையில் கிராக்கி இருப்பது உண்மைதான், ஆனால் வரிசையில் நமக்குப் பின்னால் நாலு நாடு நிற்கிறது.

படத்தாளின் அடியில் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டிருந்தவள் இவள்.

“இன்னொரு தடவை பண்ணிப் பாருங்கம்மா,” என்றார் மேலாளர். பதினாலே நிமிடத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்தாள். பக்கத்தில் படத்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

மேலாளர் அதைக் கவனிக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பழி படம் வரைகிறவர் தலையில் விழும். சொன்னால் மறுபடி உப்புத்தாள், தூசி, இருமல். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“சார், நான் படத்தையே பாக்கல. கை பழகிப்போச்சு. இனிமே இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல.”

“ஒண்ணும் தெரியாத ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்? இங்க இருக்கிறவங்க எல்லாம் ஆசாரிங்க!”

“எங்க வீட்டுக்காரர் இருக்காரு சார். ஆணி அடிக்கச் சொன்னா சுத்தியலையே அரை நாள் தேடுவாரு.”

தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற அந்த மனிதர், விடுமுறை நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து தரையில் உட்கார்ந்தார். ஐந்து படம் வரை பரவாயில்லை. ஆறாவதில் தட்டுப் பலகையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கடைசியில் தலைகீழாக மாட்டினார். அவளுக்கு நாக்கு துடித்தது. சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது விதி. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, ரெண்டு பக்க ஓட்டையும் ஒரே மாதிரிதானே போட்ருக்கீங்க? எது மேல, எது கீழன்னு எப்படித் தெரியும்?” என்று அவர் கேட்டதும் படம் வரைகிறவர் தலையைச் சொறிந்தார். அவள் பென்சிலை வாங்கி, பலகையைச் சாய்த்து, மேல் ஓரத்து ஓட்டைகள் தெரிகிற மாதிரி வரைந்து நீட்டினாள். இந்தத் தடவை அவர் சரியாக மாட்டிவிட்டார்.

“அம்மா, நாளையிலிருந்து படம் வரையிற மேஜைக்கு வந்துடுங்க,” என்றார் மேலாளர். பிறகு அவள் கணவரிடம், “சார், நீங்க மாசம் ஒரு நாள் வந்துட்டுப் போங்க.”

வீடு திரும்பும்போது கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். “எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கம்பெனி பூரா சொல்லி வெச்சிருக்கியா?”

“தெரியாததாலதாங்க என் பொழப்பு தப்பிச்சுது.” சொல்லும்போதே அவர் மேல் அவளுக்குப் பிரியம் பொங்கியது.

அவர் சட்டைக் கசங்கலை நீவிவிட்டுக்கொண்டார்.

“அடுத்த மாசம் என்ன சாமான்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாத,” என்றார். “முன்னாடியே தெரிஞ்சா எனக்கு வேலை சுத்தமா வராது.”